வெப்பா, ஹபிளா, கையாவா, ஆஸ்ட்ரோசாட்டா: ஐந்து மாத ப்ராஜெக்ட்டுக்கு எதை எடுப்பது?

என் அக்கா மகள் எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம் படிக்கிறாள். வீடு குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில். கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்டை விண்வெளித் தொலைநோக்கிகளின் தரவை வைத்துத்தான் செய்வேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். போன மாதம் போனில், "சித்தி, இருக்கிறதிலேயே பெரிசு வெப்தானே, அதையே எடுத்துக்கிடட்டா?" என்று கேட்டாள். "பொறு மக்களே, ரெண்டு நாள் கழிச்சு சொல்லுதேன்" என்றேன். அந்த இரண்டு நாளில் யோசித்து, அவளுக்குச் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் நாகர்கோவிலில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். பத்து வருடமாக என் மாலை நேரங்களில் பாதி இந்தத் தரவுக் கிடங்குகளில்தான் போகிறது.

அவள் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களில் பலருக்கும் இதேதான் இருக்கும். 8 ஜிபி ரேம் உள்ள ஒரு லேப்டாப். நாளுக்கு 2 ஜிபி மொபைல் டேட்டா, அதுவும் மழை வந்தால் சிக்னல் போய்விடும். கையில் ஐந்து மாதம், அதில் ஒரு மாதம் தேர்வுக்குப் போய்விடும். வழிகாட்டும் பேராசிரியர் நல்லவர், ஆனால் அவர் துறை படிக வளர்ச்சி. நம் பக்கத்துக் கல்லூரிகளில் பெரும்பாலும் அதுவோ நானோ துகள்களோதான். வானியல் தெரிந்த ஒருவரை நடந்துபோய்ப் பார்த்துச் சந்தேகம் கேட்க வழியில்லை.

இந்த நிலைமைக்கு என் பதில்: நட்சத்திரங்களைப் படிக்க ஆசை என்றால், அவற்றின் இடத்தையும் தூரத்தையும் அளந்த ஐரோப்பிய விண்கலமான கையா. கேலக்ஸிதான் வேண்டும் என்றால் நம் இஸ்ரோவின் ஆஸ்ட்ரோசாட் எடுத்த புற ஊதாப் படங்கள், அது கைக்கு வசப்படாவிட்டால் ஹபிள். வெப் இந்தத் தடவை வேண்டாம். இப்போது காரணங்களுக்கு வருகிறேன்.

ஆனால் அதற்கு முன்னால், அக்கா இன்னொரு யோசனை சொன்னாள்: "முப்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு டெலஸ்கோப்பே வாங்கிக் கொடுத்தா என்ன?" பாசத்தில் கேட்ட கேள்வி. நம் மாவட்டத்துக்கு வானத்தைப் பொறுத்தவரை ஒரு பெரிய கொடுப்பினை உண்டு, எட்டு டிகிரி அட்சரேகையில் இருப்பதால் தென்வானம் கிட்டத்தட்ட முழுவதும் நமக்குத் தெரியும். முட்டத்துப் பாறையில் நின்று தெற்கே பார்த்தால் கடலைத் தவிர வேறு எதுவும் இல்லை. தெற்குச் சிலுவை அடிவானத்திலிருந்து இருபது டிகிரிக்கு மேலே ஏறி நிற்கும். சென்னையில் இருக்கிறவர்களுக்கு அது இன்னும் தாழ்ந்துதான் தெரியும், டெல்லிக்காரர்களுக்கு எட்டிப் பார்த்துவிட்டு மறைந்துவிடும். ஆனால் இரண்டு பருவமழையும் நம் தலையில்தான் பெய்கிறது. ஜூனில் தொடங்கினால் டிசம்பர் வரை நம்பி ஒரு இரவைக் குறித்து வைக்க முடியாது. ஜனவரி முதல் மார்ச் வரை கிடைக்கும் தெளிவான இரவுகளிலும் உப்புக் காற்றும் ஈரமும் கண்ணாடியில் படிந்து, கவனிக்காமல் விட்டால் பூஞ்சை பிடித்துவிடும். ப்ராஜெக்ட்டுக்கு வேண்டியது அளவீடு, அதாவது பிழை எவ்வளவு என்று சொல்லக்கூடிய எண்கள். சிறிய தொலைநோக்கியில் அதை எடுக்க ஒரு நல்ல கேமராவும், நகர்ந்துகொண்டே இருக்கும் வானத்தைத் துரத்தும் மோட்டார் தாங்கியும் வேண்டும், முப்பதாயிரம் போதாது. அதனால் டெலஸ்கோப் இப்போது வேண்டாம் என்று சொல்லி, சில ஆயிரங்களில் ஒரு 10×50 பைனாகுலர் வாங்கச் சொன்னேன். அதை வாங்கிவிட்டார்கள்.

சரி, வெப்புக்கு வருகிறேன்.

ஜேம்ஸ் வெப் 2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்டது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. பதினெட்டு அறுகோணத் துண்டுகள் சேர்ந்த 6.5 மீட்டர் கண்ணாடி, பெரிலியத்தின் மேல் தங்கப் பூச்சு. 2022 ஜூலை 12 அன்று முதல் படங்கள் வந்தபோது நான் பள்ளியில் பாடத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். அதில் கரினா நெபுலா என்ற வாயு, தூசி மேகத்தின் படம் ஒன்று; அந்த நெபுலாவை நம் கடற்கரையில் பிப்ரவரி, மார்ச் இரவுகளில் பைனாகுலரிலேயே ஒரு புகைத் திட்டாகப் பார்க்கலாம். அந்த ஆசையை நான் குறைத்துப் பேசவே மாட்டேன். வெப் மட்டுமே செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன. மிகத் தொலைவில் இருக்கும் கேலக்ஸிகளின் ஒளி, பிரபஞ்சம் விரியும்போது இழுபட்டு அகச்சிவப்புக்குள் போய்விடும். தூசிக்குள் பிறந்துகொண்டிருக்கும் நட்சத்திரங்களும் அகச்சிவப்பில்தான் தெரியும். ஒளி எவ்வளவு இழுபட்டது என்பதன் அளவுதான் செம்பெயர்ச்சி; அது 14-ஐத் தாண்டிய கேலக்ஸிகளை, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து நிறமாலை எடுத்து உறுதி செய்தது வெப்தான்.

ஆனால் "பெரிசு" என்பதை வைத்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவோம். ஒரு தொலைநோக்கி எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும் என்பது கண்ணாடியின் விட்டத்தை மட்டும் பொறுத்ததில்லை, அலைநீளத்தை விட்டத்தால் வகுத்து 1.22-ஆல் பெருக்க வேண்டும். ஹபிளின் கண்ணாடி 2.4 மீட்டர், அரை மைக்ரான் ஒளியில் பார்க்கிறது. கணக்குப் போட்டால் சுமார் 0.05 ஆர்க்செகண்ட் வரும் (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்குதான் ஒரு ஆர்க்செகண்ட்). வெப் 2 மைக்ரானில் பார்க்கும்போது கிட்டத்தட்ட 0.08. ஆகக் கூர்மையில் இரண்டும் ஏறத்தாழ ஒரே வரிசை. வெப்பின் பலம் அது பார்க்கிற நிறத்திலும், சேர்க்கிற ஒளியின் அளவிலும் இருக்கிறது. உங்கள் கேள்வி அந்த நிறத்தில் இல்லையென்றால் வெப் உங்களுக்குப் பெரிது இல்லை. புற ஊதாவில் அதற்குக் கண்ணே கிடையாது.

அப்புறம் வேலைப்பளு. வெப்பின் மூலத் தரவை மூன்று கட்டமாகச் சுத்தம் செய்ய வேண்டும், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒப்பீட்டுக் கோப்புகள் தனியாக இறங்கும், பல படங்களைத் தைத்துச் சேர்த்தால் ஒரே கோப்பு சில ஜிபி வரை போகும். காஸ்மிக் கதிர் பட்டு வரும் வட்டத் திட்டுகளுக்குப் பனிப்பந்து என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அதையெல்லாம் அடையாளம் கண்டு நீக்க வேண்டும். 8 ஜிபி ரேம் மூச்சு வாங்கும். இதையெல்லாம் கூகுள் கோலாப் மாதிரி மேகக் கணினியில் ஏற்றிச் சமாளித்துவிடலாம் என்று வைத்துக்கொண்டாலும், நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. 2022-இல் ஒரு பொருளைப் படங்களில் மட்டும் பார்த்துவிட்டு, செம்பெயர்ச்சி 16 சுமார் இருக்கும் என்று அனுபவசாலிகளே கணித்தார்கள். பிறகு நிறமாலை எடுத்தபோது அது 4.9 என்று வந்தது. தூசியும் வாயுவின் ஒளிக்கோடுகளும் சேர்ந்து, தொலைதூரக் கேலக்ஸி போல வேஷம் கட்டியிருந்தன. அந்த ஆய்வாளர்கள் நிறமாலை எடுத்துச் சரிபார்த்துக்கொண்டார்கள். கேட்க ஆளில்லாத இடத்தில், ஐந்து மாதத்தில், தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அந்த வாய்ப்பு இருக்காது. இதற்கு ஒரு விதிவிலக்கு சொல்வேன்: வெப் குழுக்களும் கோபன்ஹேகனில் இருக்கும் ஒரு தரவுக் கிடங்கும் ஏற்கனவே சுத்தம் செய்த படங்களையும் நிறமாலைகளையும் அட்டவணைகளையும் பொதுவில் வைத்திருக்கின்றன. வழிகாட்டிக்கு இந்தத் துறையில் பழக்கம் இருந்தால் அந்த அட்டவணைகளிலிருந்து தொடங்கலாம்.

ஹபிள் பழசு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 1990 ஏப்ரல் 24-இல் போனது, கண்ணாடியில் பிழையோடு போனது, 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்ச் சரி செய்தார்கள், 2024 ஜூன் முதல் திரும்பும் திசையை உணரும் ஜைரோ ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. ஆனால் அதன் வயதுதான் அதன் சொத்து. முப்பது வருடத்துக்கு மேல் ஒரே வானத்தைத் திரும்பத் திரும்பப் படம் பிடித்துச் சேர்த்த கிடங்கு வேறு யாரிடமும் கிடையாது.

ஒமேகா சென்டாரியை எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதம் இரவு ஒன்பது மணி வாக்கில் மேகம் இல்லாத நாளில் சங்குத்துறையில் தெற்கே பார்த்தால் முப்பது டிகிரிக்குச் சற்று மேலே மங்கலாக ஒரு நட்சத்திரம் போலத் தெரியும். பைனாகுலரில் பஞ்சு உருண்டை. அது லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் நெருங்கிக் கிடக்கும் கோளக் கொத்து, சுமார் 17,000 ஒளியாண்டு தூரம். இருபது வருடத்தில் ஹபிள் எடுத்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு 14 லட்சம் நட்சத்திரங்களின் நகர்வை அளந்தார்கள். அதில் ஏழு நட்சத்திரங்கள் கொத்தை விட்டே ஓடிப்போய்விடும் வேகத்தில் நடுவில் சுற்றுவதைக் கண்டு, அங்கே குறைந்தது 8,200 சூரிய நிறை உள்ள கருந்துளை இருக்க வேண்டும் என்று 2024-இல் எழுதினார்கள். அந்தப் படங்களில் பெரும்பாலானவை கருவியைச் சரிபார்ப்பதற்காக எடுத்தவை, கருந்துளையைத் தேடி எடுத்ததே இல்லை. கிடங்கில் கிடந்தது. அந்த அட்டவணை இன்று யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி இருக்கிறது. இதை வைத்து எத்தனை ப்ராஜெக்ட் செய்யலாம் என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் வராது.

ஹபிளின் குறை, அதன் ஜன்னல் ரொம்பச் சின்னது. முக்கியக் கேமராவின் பார்வை 2.7 ஆர்க்மினிட், அதாவது முழு நிலவின் அகலத்தில் பதினோரு பங்கில் ஒன்று. ஆண்ட்ரோமெடா கேலக்ஸியின் மூன்றில் ஒரு பங்கைப் பிடிக்கவே 411 இடங்களில் நிறுத்தி நிறுத்தி எடுக்க வேண்டியிருந்தது. பக்கத்துக் கேலக்ஸி ஒன்றை முழுதாகப் பார்க்க நினைக்கிற மாணவருக்கு இது பெரிய தலைவலி. கோப்புகளும் சின்னது இல்லை, ஒரு படம் நூறு, இருநூறு எம்பி சாதாரணம். ஐப்பசி மழையில் மூன்று இரவு இறக்கி, மின்சாரம் போய், பாதிக் கோப்பு கெட்டு, மறுபடி இறக்கிய அனுபவம் எனக்கு உண்டு.

இங்கேதான் ஆஸ்ட்ரோசாட் கேலக்ஸிக்காரர்களுக்கு எவ்வளவு பொருத்தம் என்று சொல்ல வேண்டும். 2015 செப்டம்பர் 28 அன்று பிஎஸ்எல்வி சி30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. அந்த ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தில் இருப்பது விகாஸ் எஞ்சின். ஆரல்வாய்மொழி தாண்டினால் தெரியும் மகேந்திரகிரியில்தான் விகாஸைச் சோதிக்கிறார்கள். இஸ்ரோவின் தலைவராக இருந்த சிவனும், 2025 ஜனவரியில் பொறுப்பேற்ற நாராயணனும் இந்த மாவட்டத்துக்காரர்கள் என்பது நம் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த இஸ்ரோ அனுப்பிய தொலைநோக்கியின் தரவை வீட்டிலிருந்தே இறக்கி வேலை செய்யலாம் என்பது பலருக்குத் தெரியாது. 650 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு வெறும் 6 டிகிரி சாய்வில் சுற்றுகிறது, சில சுற்றுகளில் நமக்குச் சற்றே தெற்கே குமரிக் கடலுக்கு மேலே கடந்து போகும்.

அதில் இருக்கும் புற ஊதாத் தொலைநோக்கியின் பார்வை 28 ஆர்க்மினிட், கிட்டத்தட்ட முழு நிலவு அளவு. கூர்மை சுமார் 1.5 ஆர்க்செகண்ட். ஹபிளோடு ஒப்பிட்டால் மங்கல்தான், ஆனால் இதற்கு முன்னால் வானத்தின் பெரும்பகுதியைப் புற ஊதாவில் படம் எடுத்த கேலக்ஸ் தொலைநோக்கியின் கூர்மை 5 ஆர்க்செகண்ட். புற ஊதாவில் பளிச்சென்று தெரிவது இளம், சூடான, கனத்த நட்சத்திரங்கள். அதனால் ஒரு சுருள் கேலக்ஸியின் புற ஊதாப் படத்தைப் பார்த்தால் எந்தக் கையில் எந்த முடிச்சில் இப்போது நட்சத்திரங்கள் பிறக்கின்றன என்பது நேராகத் தெரியும். ஒரு கேலக்ஸி முழுவதும் ஒரே படத்தில், ஒரே கோப்பில். முடிச்சுகளை எண்ணி, ஒவ்வொன்றின் ஒளியையும் அளந்து, மையத்திலிருந்து விலக விலக எப்படி மாறுகிறது என்று பார்ப்பது ஒரு மாணவர் தனியாகச் செய்து முடிக்கக்கூடிய அளவான வேலை. இதே கருவியில் 2016 அக்டோபரில் 28 மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தைப் பார்த்து, 930 கோடி ஒளியாண்டு தள்ளியிருக்கும் ஒரு கேலக்ஸியிலிருந்து வரும் கடும் புற ஊதாக் கதிரைப் பிடித்தார்கள். புனேயில் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான வானியல் மையமான ஐயுகாவின் கனக் சாஹா தலைமையிலான குழு 2020-இல் அதை வெளியிட்டது. ஹபிள் அதே இடத்தைப் பார்த்திருந்தும் அந்தக் கதிரைப் பிடிக்க முடியவில்லை, ஆஸ்ட்ரோசாட் கருவியின் பின்னணி இரைச்சல் அந்த அளவுக்குக் குறைவு.

குறைகளையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அண்மைப் புற ஊதா அலைவரிசை 2018-இல் வேலை செய்வதை நிறுத்திவிட்டது, அதற்குப் பிறகு எடுத்தவற்றில் தொலைப் புற ஊதா மட்டும்தான் கிடைக்கும்; இரண்டு நிறமும் வேண்டும் என்றால் 2018-க்கு முந்தைய அவதானிப்புகளாகப் பார்த்துத் தேட வேண்டும். கிடங்கில் பதிவு செய்து உள்ளே போக வேண்டும், தேடல் பக்கம் நாசாவின் மாஸ்ட் கிடங்கு அளவுக்கு வழுவழுப்பாக இருக்காது, படித்துப் பழக வழிகாட்டிக் குறிப்புகளும் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் கருவியைக் கட்டியவர்கள் பெங்களூருவில் இருக்கிறார்கள், பயன்படுத்துபவர்கள் புனேயில் இருக்கிறார்கள். கல்லூரி ஆசிரியர்களையும் மாணவர்களையும் கைதூக்கி விடுவதற்காகவே ஐயுகா இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து ரயில் ஏறினால் போய்ச் சேரும் தூரம். ஹபிளையும் வெப்பையும் கவனித்துக்கொள்ளும் பால்டிமோரில் இருக்கிறவரிடம் இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க முடியுமா?

நாசாவின் டெஸ் விண்வெளித் தொலைநோக்கி பற்றிச் சுருக்கமாக. 2018 ஏப்ரலில் போனது, வானத்தின் ஒரு பெரிய பட்டையை 27 நாள் விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். இரட்டை நட்சத்திரம் ஒன்றை ஒன்று மறைப்பது, நட்சத்திரம் துடிப்பது, கோள் குறுக்கே போவது எல்லாம், நேரத்தோடு ஒளி மாறுவதைக் காட்டும் ஒளி வளைகோட்டில் விழும். ஒரு நட்சத்திரத்தின் கோப்பு இரண்டு எம்பி சுமார்தான், லைட்கர்வ் என்ற பைத்தான் தொகுப்பில் பத்து வரியில் வரைந்துவிடலாம். நம் மழையில் இருபத்தேழு நாள் தொடர்ந்து ஒரு நட்சத்திரத்தை யார் பார்க்க முடியும்? மாறும் நட்சத்திரங்களில் ஆசை இருந்தால் யோசிக்காமல் இதை எடுங்கள். ஒரே எச்சரிக்கை: ஒரு பிக்சல் 21 ஆர்க்செகண்ட், பக்கத்து நட்சத்திரத்தின் ஒளியும் அதற்குள் கலந்துவிடும்.

ஐரோப்பாவின் புதிய விண்வெளித் தொலைநோக்கியான யூக்ளிட்டைப் பலர் கேட்கிறார்கள். 2025 மார்ச்சில் வந்த முதல் சின்னத் தரவிலேயே 2.6 கோடி கேலக்ஸி. இன்னும் இரண்டு மூன்று வருடம் கழித்து இதே கட்டுரையை எழுதினால் அதற்குத்தான் அதிக இடம் கொடுப்பேன், இப்போது ஐந்து மாதத்தில் அதைக் கட்டிப்போட முடியாது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இவை எதுவும் தேவையில்லை, கேலக்ஸி ஜூ என்ற இணையதளம் போதும். 2007 ஜூலையிலிருந்து பொதுமக்களே கேலக்ஸிகளின் வடிவத்தைப் பார்த்து வகைப்படுத்துகிறார்கள். ஹானி வான் ஆர்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் யாருக்கும் தெரியாத ஒரு பச்சை வாயுமேகத்தைக் கண்டுபிடித்தார். போனிலேயே செய்யலாம்.

இனி கையா. நான் ஏன் இதை முதலில் வைத்தேன் என்று கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கையா அழகான படம் எடுக்காது. 2013 டிசம்பரில் போய், 2014 ஜூலை முதல் 2025 ஜனவரி 15 வரை வானத்தை மெதுவாகச் சுழன்று சுழன்று அளந்தது. 2022 ஜூனில் வந்த மூன்றாவது வெளியீட்டில் சுமார் 180 கோடி பொருள்கள். அதில் 146 கோடிக்கு இடம், தூரத்தைத் தரும் இடமாறு தோற்றம் (பூமி சூரியனைச் சுற்றும்போது நட்சத்திரம் தள்ளித் தெரியும் சின்னக் கோணம்), வானில் நகரும் வேகம் மூன்றும் இருக்கின்றன. எல்லாம் எண்கள், ஒரு பெரிய அட்டவணை. கேள்வியை ஒரு சின்ன வினவலாக எழுதி அனுப்பினால் தேவையான வரிகள் மட்டும் வரும், சில எம்பிக்கு மேல் போகாது. குலசேகரத்தின் சிக்னலுக்கு அது போதும். டாப்கேட் என்ற இலவச மென்பொருளில் நிரல் எழுதாமலே வரைபடம் வரைந்துவிடலாம். மாணவரின் நேரம் முழுவதும் இயற்பியலுக்குக் கிடைக்கிறது, கோப்பைச் சுத்தம் செய்வதில் கரைந்துபோகாது.

அவளுக்கு நான் சொன்ன ப்ராஜெக்ட் இது. கார்த்திகையையும் பூசத்தையும் எடு. இரண்டும் நம் பஞ்சாங்கத்தில் இருக்கும் பெயர்கள். கார்த்திகை என்பது அந்த அறுமீன் கூட்டம். பூசம் என்று நாம் சொல்லும் இடத்தில் கடக ராசியில் தேன்கூடு என்று அழைக்கப்படும் கொத்து இருக்கிறது, தைப்பூசத்தன்று நிலா அதன் பக்கத்தில்தான் நிற்கும். கார்த்திகையின் மையத்தைக் கொடுத்து, சுற்றிலும் இரண்டு டிகிரிக்குள் இருக்கும் நட்சத்திரங்களைக் கேள். முன்னால் இருப்பவை, பின்னால் இருப்பவை எல்லாம் கலந்து வரும். அதில் கொத்தைச் சேர்ந்தவை எவை? இடமாறு தோற்றம் 7.4 மில்லி ஆர்க்செகண்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்; வானில் கிழக்கே வருடத்துக்கு 20, தெற்கே 45 மில்லி ஆர்க்செகண்ட் என்ற ஒரே போக்கில் நகர வேண்டும். குளச்சலில் ஒன்றாகப் புறப்பட்ட வள்ளங்களை இருட்டில் விளக்குகள் போகும் போக்கை வைத்தே ஒரே கூட்டம் என்று கரையில் நிற்பவர்கள் சொல்லிவிடுவார்கள் இல்லையா, அதே வேலைதான்.

தேர்ந்தெடுத்தவற்றின் தூரத்தைக் கணக்கிடு. ஆயிரத்தை 7.36-ஆல் வகுத்தால் 136 பார்செக், அதாவது 443 ஒளியாண்டு. இந்த ஒரு எண்ணுக்குப் பின்னால் பெரிய சண்டை இருக்கிறது. கையாவுக்கு முன்னோடியான ஹிப்பார்கோஸ் கார்த்திகைக்குச் சுமார் 120 பார்செக் என்று சொன்னது. மற்ற முறைகள் 133, 135 என்று சொல்லிக்கொண்டே இருந்தன. 120 சரியென்றால் இளம் நட்சத்திரங்களைப் பற்றிய நம் புரிதலில் எங்கோ கோளாறு என்று அர்த்தம், அதனால் பல வருடம் விவாதம் ஓயவில்லை. 2014-இல் ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்து அளந்தபோது 136 வந்தது, பிறகு கையாவும் அதையே சொன்னது. இருபது வருடம் பெரியவர்கள் மோதிக்கொண்ட ஒரு கேள்விக்கு, திருவட்டாறு பக்கத்தில் ஒரு பெண் தன் லேப்டாப்பில் ஒரு மதியத்தில் பதில் கண்டுபிடித்து, பிழை எல்லையும் போட்டுக் காட்ட முடியும். வெப்பின் ஆயிரம் படம் கொடுத்தாலும் இந்த அனுபவத்துக்கு ஈடு வராது என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம் நிறத்தையும் ஒளிர்வையும் வைத்து ஹெர்ட்ஸ்ப்ரங்–ரஸ்ஸல் வரைபடம் போட வேண்டும். பெரும்பாலான நட்சத்திரங்கள் வரிசையாக விழும் முதன்மைத் தொடர், பாடப் புத்தகத்தில் பட்டையாகத் தீட்டியிருப்பது, இங்கே நூல் பிடித்த மாதிரி மெல்லியதாக வரும். கார்த்திகைக்கு வயது பன்னிரண்டு கோடி ஆண்டு அளவில், பூசத்துக்கு அறுபது எழுபது கோடி. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் கனத்த நட்சத்திரங்கள் சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடுவதால், வயதானதில் மேல்முனை கரைந்து போயிருப்பது கண்ணுக்கே தெரியும். நட்சத்திரத்தின் வயதைப் பற்றி ஒரு பக்கம் படிப்பதைவிட இதை ஒருமுறை வரைந்து பார்ப்பது மேல்.

பொறிகளும் இருக்கின்றன. நான் முதலில் விழுந்தது இதில்: சாதாரண முறையில் வினவல் அனுப்பினால் கையா கிடங்கு 2000 வரியோடு நிறுத்திக்கொள்ளும். நான் வடிகட்டாமல் கேட்டேன், சரியாக 2000 வரி வந்தது, அதில் கொத்தின் உறுப்பினர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். ஏன் கொத்தைக் காணோம் என்று ஒரு வாரம் தேடினேன். பின்னணியில் ஓடும் வேலையாக அனுப்பினால் முப்பது லட்சம் வரி வரை தரும். அடுத்தது, ஆயிரத்தை இடமாறு தோற்றத்தால் வகுக்கும் கணக்கு பக்கத்தில் இருப்பவற்றுக்குத்தான் ஒத்துவரும். மங்கலான நட்சத்திரங்களில் பிழை அரை மில்லி ஆர்க்செகண்டையும் தாண்டிப் போகும். ஒமேகா சென்டாரிக்கு இடமாறு தோற்றமே 0.2-க்கும் கீழே, அங்கே ஒவ்வொரு நட்சத்திரமாக வகுத்தால் தூரம் எதிர்மறையில் வந்தாலும் வரும். நெரிசலான கொத்தின் நடுவிலும் கையா தடுமாறும், அங்கே ஹபிள்தான். மற்ற கேலக்ஸிகளுக்குள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் கையாவிடம் பெரிதாகப் பதில் இல்லை.

நான்காவது வெளியீடு 2026 டிசம்பரில் வருவதாகத் திட்டம். அதற்காகக் காத்திருக்கலாமா என்று இன்னொரு மாணவர் கேட்டார். வேண்டாம். இந்த இரண்டு கொத்துக்கும் மூன்றாவது வெளியீட்டின் துல்லியமே தாராளம்.

அக்கா மகள் கையாவையே எடுத்துவிட்டாள். கார்த்திகையில் சில நூறு நட்சத்திரங்கள் தேறின. முதல் வரைபடத்தைப் பேராசிரியரிடம் காட்டியதும், முதன்மைத் தொடருக்கு மேலே அதற்கு இணையாக இன்னொரு மெல்லிய கோடு ஓடுவதைப் பார்த்து, "இது கருவிப் பிழையாம்மா?" என்று கேட்டிருக்கிறார். அவள் அங்கேயே பதில் சொல்லாமல் வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தாள், இடைவெளி, நட்சத்திர ஒளியை அளக்கும் மேக்னிட்யூட் கணக்கில் ஏறத்தாழ 0.75. ஒரே அளவுள்ள இரண்டு நட்சத்திரம் ஒட்டியிருந்து ஒன்றாகத் தெரிந்தால் ஒளி இரட்டிப்பாகும், இரட்டிப்புக்கு மேக்னிட்யூட் கணக்கில் சரியாக அவ்வளவுதான் வரும். இரவு பதினொரு மணிக்கு எனக்குப் போன் செய்து சொன்னாள். மறுநாள் பேராசிரியர் கரும்பலகையில் அந்தக் கணக்கைத் தானே ஒருமுறை போட்டுப் பார்த்தாராம்.

அடுத்தது பூசம். இடமாறு தோற்றம் 5.4 என்று வைத்துத் தொடங்கச் சொல்லியிருக்கிறேன். "2000 வரியில நிக்காம பாத்துக்கோ மக்களே" என்றும்.